இரண்டாவது இயங்குதளத்தை நீக்கிய பின்னும் வட்டு இடம் திரும்பவில்லையா? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவிச் சில காலம் பயன்படுத்திவிட்டு, பிறகு விண்டோஸ் மட்டும் போதும் என்று உபுண்டுவை நீக்குபவர்கள் பலர். நீக்கியவுடன் சி டிரைவ் பழைய அளவுக்குத் தானாகவே வளர்ந்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள், அப்படி நடப்பதில்லை. இடம் எங்கும் போய்விடவில்லை என்றாலும், அது வட்டின் எந்தப் பக்கத்தில், எந்தப் பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) ஒட்டிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அதை மீட்கும் வழி அமைகிறது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் வட்டின் வரிசையைப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், கீழ்ப்பாதியில் ஒவ்வொரு வட்டும் இடமிருந்து வலமாக ஒரு பட்டையாகத் தெரியும். 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் அந்தப் பட்டை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: முதலில் 100 எம்பி அளவுள்ள ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (இயங்குதளங்களைத் தொடங்கும் நிரல்கள் இருக்கும் இடம்), அடுத்து சுமார் 290 ஜிபி அளவில் சி டிரைவ், அதையொட்டி 750 எம்பி அளவில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் உதவும் மீட்புச் சூழல் இருக்கும் இடம்), கடைசியில், டிரைவ் எழுத்தும் கோப்பு முறைமையின் பெயரும் இல்லாமல், ‘ஹெல்தி, பிரைமரி பார்ட்டிஷன்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட சுமார் 185 ஜிபி. அந்தப் பெயரற்ற துண்டுதான் உபுண்டு இருந்த இடம். ஈஎஃப்ஐக்கும் சி டிரைவுக்கும் நடுவே 16 எம்பி அளவுள்ள இன்னொரு பார்ட்டிஷன் மைக்ரோசாஃப்டின் ஒதுக்கீடாக இருக்கும்; டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டுவதில்லை, விண்டோஸின் கட்டளைவழிக் கருவியான டிஸ்க்பார்ட் காட்டும். கீழே சொல்லப்படுபவை அனைத்துக்கும் இந்தப் படமே அடிப்படை.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. லினக்ஸ் பக்கம் இருக்கும் கோப்புகளை விண்டோஸ் தானாகப் படிக்காது. எனவே அங்கே வைத்திருந்த ஆவணங்களை உபுண்டு இன்னும் பூட் ஆகும்போதே வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். சி டிரைவ் விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறொரு கருவியிலோ தாளிலோ எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்கும் முன்பே யூஈஎஃப்ஐ (கணினியின் தொடக்க மென்பொருள்) அமைப்புக்குள் சென்று பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றாவது படியைப் பெரும்பாலானோர் தவறவிடுவதால்தான் கணினி கருந்திரையில் நின்றுவிடுவது குறித்த அத்தனை கேள்விகளும் எழுகின்றன.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இட வேண்டும்.

அறிகுறி: உபுண்டுவை நீக்கியாயிற்று, ஆனால் ‘திஸ் பிசி’ சாளரத்தில் இடம் எங்குமே தெரியவில்லை

‘திஸ் பிசி’ சாளரம் டிரைவ் எழுத்து உள்ளவற்றை மட்டுமே காட்டும்; எழுத்தில்லாத பார்ட்டிஷனும் ஒதுக்கப்படாத வெற்றிடமும் அங்கே தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் இரண்டு நிலைகளில் ஒன்று இருக்கும். நீலப் பட்டையுடன் பெயரற்ற பார்ட்டிஷன் இன்னும் இருந்தால், பூட் பட்டியலிலிருந்து மட்டுமே உபுண்டு நீங்கியிருக்கிறது, பார்ட்டிஷன் அழிக்கப்படவில்லை என்று பொருள். அதை வலச்சொடுக்கி ‘டெலிட் வால்யூம்’ தர வேண்டும். கறுப்புப் பட்டையுடன் ‘அன்அலோகேட்டட்’ என்று இருந்தால் அழிப்பு முடிந்துவிட்டது, அந்த இடத்தை சி டிரைவுக்கு ஒப்படைப்பது மட்டுமே மீதம்.

அழிக்கும் முன் அளவைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உபுண்டு நிறுவும்போது எத்தனை ஜிபி ஒதுக்கினீர்கள் என்பது நினைவிருக்கும். அந்த அளவுக்குப் பொருந்தாத எந்தத் துண்டையும், குறிப்பாக ‘ஓஈஎம்’ என்றோ ‘ரெக்கவரி’ என்றோ குறிக்கப்பட்டவற்றை, இது தேவையில்லாததுதான் என்ற ஊகத்தில் அழிக்க வேண்டாம். லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு எப்படியோ ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் திறக்கும்போது ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். வட்டு பழுதாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அந்தக் கோப்பு முறைமையை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே.

512 ஜிபி என்று வாங்கிய வட்டு 476 ஜிபி என்று காட்டுவதும் இழப்பல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் மடங்கில் கணக்கிடுகிறது. அந்த வேறுபாட்டை மீட்கக் கருவி எதுவும் கிடையாது.

அறிகுறி: வெற்றிடம் தெரிகிறது, ஆனால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கலாக இருக்கிறது

மிகுதியாகக் கேட்கப்படுவதும், மிகுதியாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். விண்டோஸின் சொந்தக் கருவிகள் ஒரு பார்ட்டிஷனை அதே வட்டில் அதன் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்துக்குள் மட்டுமே நீட்டும். இடையில் 1 எம்பி அளவில் வேறு பார்ட்டிஷன் இருந்தாலும் அந்த வசதி மங்கிவிடும். நம் எடுத்துக்காட்டில் சி டிரைவுக்கும் 185 ஜிபி வெற்றிடத்துக்கும் நடுவே 750 எம்பி ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கிறது.

உபுண்டுவை நிறுவியபோது அது அங்கே இல்லையே என்று சிலர் வியப்பார்கள். அந்த வியப்பு நியாயமானதே. சி டிரைவைச் சுருக்கி உபுண்டு நிறுவும்போது, புதிய இடம் சி டிரைவுக்கும் பழைய ரெக்கவரிக்கும் இடையில்தான் உருவாகியிருக்கும். பின்னர் விண்டோஸின் பெரிய பதிப்பு மேம்படுத்தல் ஒன்று வரும்போது, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாது என்று கண்டால், நிறுவல் நிரல் சி டிரைவின் வால்பகுதியைச் சிறிது சுருக்கி அங்கேயே புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்படி நடந்த கணினிகளில் வட்டின் கடைக்கோடியில் பழைய ரெக்கவரியும் பயனற்றுக் கிடக்கக்கூடும். எது பயன்பாட்டில் இருக்கிறது என்பதை அறிய, ‘ரீஏஜென்ட்சி’ என்ற கட்டளையை (ரீஏஜென்ட் என்ற சொல்லுடன் சி என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவது) ‘/இன்ஃபோ’ என்பதோடு இயக்கினால், வட்டு எண்ணும் பார்ட்டிஷன் எண்ணும் காட்டப்படும். அந்த எண்ணை டிஸ்க்பார்ட்டில் ‘செலக்ட் டிஸ்க் 0’, ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’ என்று கொடுத்து வரும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

தீர்வாக நான் பரிந்துரைப்பது, ரெக்கவரி பார்ட்டிஷனை அழிப்பதல்ல. அதை வட்டின் வலக்கோடிக்கு நகர்த்துவது. முதலில் விண்டோஸில் ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’ கொடுங்கள். மீட்புச் சூழலின் கோப்பு சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் பத்திரமாக வந்து அமர்ந்துகொள்ளும். நகர்த்தும்போது ஏதேனும் தவறினாலும் அது தப்பிக்கும். அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுத்துக் கணினியை முழுமையாக நிறுத்துங்கள். சாதாரணமாக நிறுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் வட்டைத் தொடுவது ஆபத்து. பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் என்ற கருவி உள்ள லைவ் பென்டிரைவிலிருந்து (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவ்) கணினியைத் தொடங்கி, ரெக்கவரி பார்ட்டிஷனைத் தேர்ந்து ‘ரீசைஸ்/மூவ்’ சாளரத்தில் அதன் கட்டத்தைப் பட்டையின் வலக்கோடி வரை இழுத்து, ‘ஃப்ரீ ஸ்பேஸ் ஃபாலோயிங்’ என்ற பெட்டியில் 0 வந்ததும் ‘அப்ளை’ கொடுத்தால் போதும். 750 எம்பி என்பதால் விரைவில் முடிந்துவிடும்; ஆனாலும் மின்கலத்தை மட்டும் நம்பாமல் மின்னிணைப்பில் வைத்தே செய்யுங்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரமென்றால் மேசைக்கணினிக்கு யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

சி டிரைவை ஜிபார்ட்டெட்டில் நீட்டாமல், மீண்டும் விண்டோஸுக்குள் வந்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கொடுத்து நீட்டுங்கள்; வெற்றிடம் இப்போது சி டிரைவை ஒட்டி வந்துவிட்டதால் மங்கல் நீங்கியிருக்கும். பிட்லாக்கர் பூட்டுள்ள பார்ட்டிஷனை ஜிபார்ட்டெட் நீட்டித் தராது, விண்டோஸ் நீட்டும். கடைசியாக ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ கொடுத்து, ‘/இன்ஃபோ’ மூலம் நிலை ‘எனேபிள்டு’ என்று வந்ததைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரெக்கவரி பார்ட்டிஷனை டிஸ்க்பார்ட்டில் ‘டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’ கொடுத்து அழித்துவிடலாம் என்று பல வழிகாட்டிகள் கூறுகின்றன. அது முடியும், ஆனால் 750 எம்பி மிச்சப்படுத்தி என்ன பயன்? தனிப் பார்ட்டிஷன் இல்லாத நிலையில் மீட்புச் சூழலை சி டிரைவிலேயே வைக்க வேண்டியிருக்கும். அங்கே பிட்லாக்கர் இயங்கினால் விண்டோஸ் அதை ஏற்காது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி வெற்றிடம் இல்லாத கணினிகளில் 0x80070643 என்ற பிழையோடு நின்றதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பார்ட்டிஷன் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதே நல்லது.

வெற்றிடம் சி டிரைவின் இடப்பக்கம் இருந்தால் நிலைமை வேறு. விண்டோஸின் கருவிகளால் இடப்பக்கம் நீட்டவே முடியாது. வெளிக்கருவிகள் முழு சி டிரைவையும் இடம்பெயர்த்துத்தான் அதைச் செய்கின்றன. பல நூறு ஜிபி தரவை நகர்த்தும் அந்த வேலை மணிக்கணக்கில் நீளும், இடையில் நின்றால் விண்டோஸே போய்விடும். அதைவிட அந்த வெற்றிடத்தை வலச்சொடுக்கி ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுத்து டி டிரைவாக்கி, படங்கள், பதிவிறக்கங்கள் போன்ற கனமான கோப்புறைகளை அங்கே மாற்றிவிடுவது அறிவுடைமை.

வெற்றிடம் ஒட்டியே இருந்தும் மங்கலாக இருந்தால், நீங்கள் நீட்ட முயல்வது எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறைமையில் உள்ள டிரைவா என்று பாருங்கள்; என்டிஎஃப்எஸ், ரீஎஃப்எஸ் ஆகிய இரண்டையும்தான் விண்டோஸ் நீட்டும்.

அறிகுறி: ‘அன்அலோகேட்டட்’ என்பதற்குப் பதில் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று இளம்பச்சையில் தெரிகிறது

இது பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட வட்டு. அந்த முறையில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், லினக்ஸ் நிறுவிகள் ஓர் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை உருவாக்கி, அதற்குள் லினக்ஸையும் ஸ்வாப்பையும் (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடம்) லாஜிக்கல் பார்ட்டிஷன்களாக அமைப்பதுண்டு. உள்ளே இருப்பவற்றை அழித்தாலும் வெளிக்கூடு நின்றுவிடுகிறது. சி டிரைவ் அந்தக் கூட்டுக்குள் நீளாது. இளம்பச்சைப் பகுதியையே மறுபடியும் வலச்சொடுக்கி ‘டெலிட் பார்ட்டிஷன்’ கொடுத்தால் கூடும் நீங்கிக் கறுப்பு வெற்றிடமாகிவிடும். அந்தக் கூட்டுக்குள் உங்கள் டி டிரைவும் லாஜிக்கலாக இருக்குமானால் கூட்டை அழிக்க முடியாது. இடத்தை டி டிரைவுக்கே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: நீட்ட முயன்றால் ‘டைனமிக் டிஸ்க்காக மாற்றவா’ என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒட்டாத இடத்தையோ வேறொரு வட்டிலுள்ள இடத்தையோ ஒரே டிரைவாகக் காட்ட விண்டோஸ் கையாளும் பழைய வழி அது. மைக்ரோசாஃப்டே இப்போது அதைக் கைவிடச் சொல்கிறது, தரவை இழக்காமல் திரும்பி வர விண்டோஸில் வழியும் இல்லை. உபுண்டு தனி வட்டில் இருந்திருந்தால், அந்த வட்டைப் புதிய டிரைவாக ஃபார்மேட் செய்யுங்கள். தனி எழுத்து வேண்டாமென்றால் சி டிரைவிலுள்ள ஒரு வெற்றுக் கோப்புறையின் பெயரில் இணைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அழித்தபின் கணினி ‘க்ரப்’ என்ற கருந்திரையில் நிற்கிறது

லினக்ஸின் பூட் ஏற்றியான க்ரப் இரண்டு இடங்களில் வாழ்கிறது. அதன் தொடக்கத் துண்டு ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. மீதமும் பட்டியல் அமைப்பும் நீங்கள் இப்போது அழித்துவிட்ட லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தன. தொடக்கத் துண்டு எழுந்து, தன் மறுபாதியைத் தேடி, காணாமல் நின்றுவிடுகிறது. விண்டோஸுக்கு எந்தக் கேடும் நேரவில்லை.

யூஈஎஃப்ஐ கணினியானால், தொடங்கும்போதே எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட் ஆகியவற்றில் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி, பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தால் விண்டோஸ் வந்துவிடும். திரையில் ‘க்ரப்’ என்ற சொல்லும் அம்புக்குறியும் மட்டும் இருந்தால், ‘எக்ஸிட்’ என்று தட்டிப் பார்ப்பதும் பல கணினிகளில் அடுத்த ஏற்றிக்கு வழிவிடும். பின்னர் யூஈஎஃப்ஐ அமைப்பில் வரிசையை நிரந்தரமாக மாற்றிவிட வேண்டும். பழைய எம்பிஆர் கணினியானால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கி, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’, ‘ட்ரபிள்ஷூட்’ வழியாகக் கட்டளைச் சாளரத்துக்குச் சென்று ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ கொடுக்க வேண்டும்.

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிச்சமுள்ள உபுண்டு கோப்புறை சில எம்பி மட்டுமே. இடத்துக்காக அதை அழிக்கத் தேவையில்லை. பூட் பட்டியலில் அந்தப் பெயர் தொடர்ந்து வருவது உறுத்தினால், ‘பிசிடிஎடிட் /ஈனம் ஃபர்ம்வேர்’ கொடுத்து, உபுண்டுவுக்கு நேரே உள்ள அடையாள எண்ணைக் கண்டு, ‘பிசிடிஎடிட் /டெலிட்’ கட்டளையோடு அந்த எண்ணை அடைப்புக்குறிகளுடன் தரலாம். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் முழுவதையும் லினக்ஸுக்குரியது என்று எண்ணி அழிக்கக் கூடாது. விண்டோஸின் ஏற்றியும் அதே 100 எம்பிக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் ‘டெலிட் வால்யூம்’ மங்கலாக இருப்பது பிழையல்ல, காவல். உபுண்டு இரண்டாவது வட்டில் தனக்கென்று ஓர் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை வைத்திருந்தால் மட்டும், வட்டு எண்ணை இருமுறை சரிபார்த்த பிறகு, டிஸ்க்பார்ட்டின் ‘ஓவர்ரைடு’ கொண்டு அதை நீக்கலாம். டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ என்ற கட்டளையைச் சொல்லும் வழிகாட்டியைக் கண்டால் மூடிவிடுங்கள். அது தேர்ந்தெடுத்த வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையையே துடைக்கும், மறுமுறை கேட்கவும் செய்யாது.

அறிகுறி: விண்டோஸ் வருகிறது, ஆனால் பிட்லாக்கர் சாவி கேட்கிறது

பூட் வரிசை மாறியதை அது சந்தேகிக்கிறது. முன்பே எழுதி வைத்த 48 இலக்கத்தை ஒருமுறை இட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். எழுதி வைக்காதவர்கள் கைபேசியில் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கருவிகள் பகுதியில் மீட்புச் சாவிகளைத் தேடலாம்; அலுவலகக் கணினியானால் அங்குள்ள நிர்வாகியிடம் கேட்க வேண்டும். சாவி இல்லாமல் உள்ளே போக வேறு வழியில்லை என்பதால், தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது படியை யாரும் தாண்டிச் செல்லக் கூடாது.

அறிகுறி: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெரிய அளவு, ‘திஸ் பிசி’யில் பழைய அளவு

பார்ட்டிஷன் நீண்டது, அதற்குள் இருக்கும் கோப்பு முறைமை நீளவில்லை. நீட்டும் வேலை பாதியில் தடைபட்டால் இப்படி ஆகும். டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து சி டிரைவின் எண்ணைக் கண்டு, ‘செலக்ட் வால்யூம்’ என்பதோடு அந்த எண்ணை இட்டு, பின் ‘எக்ஸ்டெண்ட் ஃபைல்சிஸ்டம்’ கொடுத்தால் இரண்டும் ஒத்துவரும்.

அறிகுறி: தனிப் பார்ட்டிஷனே இல்லை, ஆனாலும் சி டிரைவ் நிறைந்தே இருக்கிறது

இரண்டாவது இயங்குதளம் மெய்நிகர் கணினியாகவோ விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் ஆகவோ இருந்திருக்கும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் நீக்கும்போது ‘ரிமூவ் ஒன்லி’ கொடுத்திருந்தால், பட்டியலிலிருந்து பெயர் மட்டுமே போகும். பல ஜிபி அளவுள்ள வட்டுக்கோப்பு அப்படியே இருக்கும். ‘டெலிட் ஆல் ஃபைல்ஸ்’ கொடுத்திருக்க வேண்டும்; இப்போது கோப்புறையைத் தேடிக் கையால் அழித்துவிடலாம். டபிள்யூஎஸ்எல்லின் வட்டுக்கோப்பு தேவைக்கேற்பப் பெருகும், உள்ளே எதை அழித்தாலும் தானாகச் சுருங்காது. அந்த லினக்ஸ் இனி வேண்டவே வேண்டாம் என்றால் டபிள்யூஎஸ்எல் கட்டளையில் ‘அன்ரெஜிஸ்டர்’ விருப்பத்தோடு அதன் பெயரைக் கொடுத்து முழுதாக நீக்க வேண்டும்.

அறிகுறி: நீக்கியது விண்டோஸை, வைத்திருப்பது லினக்ஸை

எல்லாம் தலைகீழாகும். விண்டோஸ் உருவாக்கிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் க்ரப்பும் இருக்கிறது என்பதால் அதை விட்டுவைத்து, மற்ற விண்டோஸ் பார்ட்டிஷன்களை மட்டும் அழிக்க வேண்டும். வெற்றிடம் பெரும்பாலும் லினக்ஸின் இடப்பக்கம் கிடக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸை இடப்பக்கம் நீட்ட முடியாது என்பதால், லைவ் பென்டிரைவிலிருந்து ஜிபார்ட்டெட்டைத் திறந்து, ஸ்வாப் இயங்கினால் ‘ஸ்வாப் ஆஃப்’ கொடுத்துவிட்டு நகர்த்த வேண்டும். தரவு மிகுதியாக இருந்தால் இங்கும் நகர்த்தாமல், அந்த இடத்தில் ஒரு எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உருவாக்கித் தனிக் கோப்புறையாக இணைப்பதே எளிது. அதன்பின் லினக்ஸ் பூட் ஆகும்போது ஒவ்வொரு முறையும் 90 நொடி காத்து நின்றால், தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிரைவ்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் அழிந்துபோன விண்டோஸ் டிரைவின் வரி இன்னும் இருக்கிறது. அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறியை இட்டுச் சேமித்துவிட்டால் அந்தக் காத்திருப்பு நீங்கிவிடும். ‘அப்டேட்-க்ரப்’ கட்டளையை இயக்கினாலும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் விண்டோஸின் ஏற்றி இருக்கும்வரை பூட் பட்டியலில் விண்டோஸின் பெயர் தொடரக்கூடும்.